பெயரில்லாத இரைச்சல்

கோவில்பட்டி சீனியம்மாள் வாயைத் திறந்து ஒரே ஒரு பேரைச் சொன்னாள். அவ்வளவுதான். சாத்தூரிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும், அந்தப் பக்கம் தூத்துக்குடி உப்பளம் வரைக்கும், ஜனங்களின் காதிலும் மணிக்கட்டிலும் அடுப்படியிலும் ஓயாமல் யோசனை சொல்லிக்கொண்டிருந்த அத்தனை கருவிகளும் கப்சிப். ஒரு தம்ளர் டீ ஆறுகிற நேரத்துக்கு எதை வாங்குவது, எதைத் தின்பது, எந்தப் பக்கம் திரும்புவது என்று தெற்குச் சீமையில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. எட்டயபுரம் ரோட்டில் நடந்துகொண்டிருந்த ஒரு மனிதர், தூக்கிய காலைக் கீழே வைக்கலாமா வேண்டாமா என்று புரியாமல் கொக்கு மாதிரி நின்றுவிட்டார்.

சீனியம்மாளின் புருஷன் வெள்ளைச்சாமி இப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறார். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், டீ குடிக்க வந்தவர், ஊசி போட வரிசையில் நிற்பவர், யார் அகப்பட்டாலும் சரி. கேட்கிறவர்கள் நம்புவதில்லை, கதை ருசியாக இருப்பதால் மறுப்பதும் இல்லை. மறுக்கிற ஒரே ஆள் அவருடைய மச்சினன் தவசிமுத்து. சீனியம்மாளின் கூடப்பிறந்த தம்பி, கல்லூரியில் புள்ளியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். வம்பு என்னவென்றால், அக்கா அந்தப் பேரைச் சொன்ன வண்டியில் கூட இருந்த ஒரே மனிதப் பிறவி அவர்தான்.

"நான் தூங்கிட்டேன் அத்தான். அப்படி ஒண்ணு நடக்கிறதுக்குச் சாத்தியமே கிடையாது" என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே முடித்துவிடுவார்.

வெள்ளைச்சாமி பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். மைக் கொடுத்தார்கள், அவர் அதைக் காகிதம் பறக்காமலிருக்க மேஜைமேல் படுக்க வைத்துவிட்டார். "மதுரை! மதுரை! சாத்தூர் நிக்காது!" என்று அவர் ஒரு குரல் கொடுத்தால், சாத்தூரில் அந்தப் பஸ்ஸுக்காக நிற்கிறவன் அங்கிருந்தே மூட்டையை எடுத்துக்கொண்டு வேறு பஸ்ஸுக்கு ஓடுவான். ஓய்வு பெற்ற அன்று சாவி, விசில் எல்லாவற்றையும் ஒப்படைத்தவர் குரலை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சீனியம்மாளும் லேசுப்பட்டவள் இல்லை. சட்னியில் உப்பு, சன்னலைத் திறப்பதா சாத்துவதா, என்றைக்கோ செத்துப்போன பெரிய மாமாவின் கஞ்சத்தனம், எது கிடைத்தாலும் போதும். காலைக் காப்பியோடு தொடங்கினால் கொசுவலை கட்டும்வரை இரண்டு பேரும் மாறி மாறிப் பிடித்துக்கொள்வார்கள். அந்தச் சண்டை இல்லாமல் இரண்டு பேருக்கும் சோறு இறங்காது.

ஆனால் அத்தனை வாயிலும் ஒரு சொல் மட்டும் வராது. புருஷன் பேர். சொன்னால் அவர் ஆயுசு குறைந்துவிடும் என்று கல்யாணத்தன்று அவள் அம்மா காதோடு சொல்லி அனுப்பியிருந்தாள். பேரில் பாதி ஒரு நிறமாக வாய்த்துவிட்டதால் அந்த நிறத்தையும் அவள் சொல்ல மாட்டாள். அவருடைய வேட்டி அவளுக்குப் பால் நிற வேட்டி. ரசத்துக்கு உரிப்பது வெறும் பூண்டு. சுவருக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் வந்தபோது என்ன நிறம் என்று கேட்டதற்கு, பதிலே சொல்லாமல் ஒரு கைப்பிடி சோற்றை எடுத்துவந்து காட்டினாள்.

போன வருஷம் சீனியம்மாளுக்கு நெஞ்சில் வலி வந்தது. பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் புனேயில் இருக்கும் மகள் கற்பகவல்லி பதறிப்போய், டாக்டர் யோசனைப்படி ஒரு ஜோடிக் கம்மல் வாங்கி அனுப்பினாள். பார்க்கச் சிவப்புக்கல் கம்மல். உள்ளே 'குறிப்பு' என்ற யோசனை சொல்லும் கருவி இருந்தது. அப்போது ஊரெல்லாம் அதுதான் பேச்சு. வெள்ளைச்சாமிக்கும் அதோடு சேர்ந்த ஒரு கைக்கடிகாரம் வந்தது.

"இது என்ன மாப்ள செய்யும்?" என்று வெள்ளைச்சாமி கேட்டதற்கு, தவசிமுத்து வகுப்பெடுக்கிற உற்சாகத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"முன்ன இருந்ததெல்லாம் மந்தமான ஓட்டல் சர்வர் மாதிரி அத்தான். நேத்து தோசை சாப்பிட்டீங்க, இன்னைக்கும் தோசையான்னு கேக்கும். நீங்க யாரு, என்ன வாங்குனீங்க, அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். இது அப்படியில்ல. வெளிய மழையா வெயிலா, கூட யாரு இருக்கா, நாடி எப்படித் துடிக்குது, குரல் எப்படி இருக்குது, எல்லாத்தையும் பாக்கும். பாத்துட்டு, தோசை கேட்டவருக்கு இன்னைக்கு ரசம் சாதம்தான் சரின்னு சொல்லும். சொல்றது எது, சொல்ற நேரத்துல சுத்தி நடக்கிறது எது, ரெண்டையும் சேத்துப் பாக்குது. அதுதான் விசேஷம்."

"அக்காவுக்கு?"

"அக்கா நெஞ்சு அமைதியா இருக்கணும். அது ஒண்ணுதான் இதுக்குக் கொடுத்திருக்கிற வேலை."

கம்மல் இனிமையான குரலில் கேட்டது: "உங்களுக்கு வேண்டியவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்." சீனியம்மாள் மகளைச் சொன்னாள், தம்பியைச் சொன்னாள், பூக்காரி சண்முகத்தாயைச் சொன்னாள், பூனை ராசாத்தியைக்கூடச் சொன்னாள். கடைசியில் தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, "அப்புறம்... அவுக" என்றாள். கம்மல் கொஞ்சம் காத்திருந்தது. பிறகு நன்றி சொல்லி முடித்துக்கொண்டது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வெள்ளைச்சாமி மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யாராலும் ஓர் இடத்தில் உட்கார முடியாமல் போயிற்று.

வெள்ளைச்சாமி காப்பியோடு வந்து உட்காருவார். கடிகாரம் மெல்லத் தட்டும்: "பூங்காவில் இப்போது நல்ல காற்று. உங்கள் வயதினர் கூடியிருக்கிறார்கள்." போவார். காற்று நன்றாகத்தான் இருக்கும். திரும்பி வந்தால் சீனியம்மாள் மொட்டை மாடியில் இருப்பாள். அங்கே வற்றல் காயப்போட அருமையான வெயில் என்று கம்மல் சொல்லியிருக்கும். இவர் மாடிப்படியில் கால் வைத்தால், "கடலைக்காரத் தெரு முனையில் பருத்திப்பால் சூடாக இறக்குகிறார்கள்" என்று கடிகாரம் சொல்லும். பருத்திப்பாலுக்கு இல்லையென்று சொல்லும் துணிவு வெள்ளைச்சாமிக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. குடித்துவிட்டு வருவார். அவள் பக்கத்துத் தெரு பஜனைக்குப் போயிருப்பாள். ஒரே பஸ்ஸில் முன்வாசலில் ஒருத்தரும் பின்வாசலில் ஒருத்தருமாக ஏறி இறங்குகிற மாதிரி ஆகிவிட்டது பிழைப்பு.

கொடுமை என்னவென்றால், அது சொன்ன ஒவ்வொன்றும் சரியாக இருந்தது. பஜனை இனித்தது, காற்று இனித்தது, பருத்திப்பால் தேனாக இருந்தது. வீடு மட்டும் கசந்தது.

பூங்காவில் பார்த்தால் புருஷன்மார் கூட்டம். பெஞ்சில் இடமில்லாமல் சறுக்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார்கள். ஊஞ்சலில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார். எல்லாரும் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டு, அடுத்து எங்கே போகச் சொல்லும் என்று காத்திருந்தார்கள். வெள்ளைச்சாமி அவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுவார், எழுந்திருப்பார், வேலியோரம் நடப்பார், திரும்ப உட்காருவார். அவள் வேண்டுமென்றே விலகிப் போகிறாள் என்று அவருக்குள் ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அங்கே மாடியில் சீனியம்மாளுக்கும் அதே அரிப்புதான்: இவுகளுக்கு வீடே பிடிக்கலை, எந்நேரமும் ஊர் சுத்தத்தான் கால் பரபரங்குது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவசிமுத்து, மனைவி பிரேமா இல்லாமல் வழக்கம்போல் தனியாக, சாப்பிட வந்திருந்தார். அபூர்வமாக மூன்று பேரும் ஒரே அறையில் அகப்பட்டார்கள். கம்மலின் திறமையைக் காட்டுவதற்காக அவர், "இப்ப இந்த ரூம்ல யார் யார் இருக்காங்க?" என்று அதைக் கேட்டார்.

"சீனியம்மாள் இருக்கிறார். அவர் தம்பி தவசிமுத்து இருக்கிறார்" என்றது கம்மல். "கூடவே ஓர் இரைச்சல் இருக்கிறது."

"இரைச்சலா? எவன்டா இரைச்சல்!" என்றார் வெள்ளைச்சாமி.

"இரைச்சல் கூடுகிறது. மொட்டை மாடிக்குப் போகலாமா?"

தவசிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் புள்ளியியல் வாத்தியார் திரும்பி வந்தார். கம்மலிடம் எதையெதையோ கேட்டார். பிறகு சொன்னார்: "அக்கா உங்க பேரை ஒரு தடவைகூடச் சொல்லலை அத்தான். பேர் சொன்னாத்தான் அது மனுசன். பேர் இல்லாம வீட்டுக்குள்ள ஒரு சத்தம் வருது, வந்தா அக்கா நாடி ஏறுது. மிக்ஸி, குக்கர், நீங்க, மூணும் அதுக்கு ஒரே சாதி. அதனால சத்தத்தையும் அக்காவையும் பிரிச்சு வைக்குது. உங்க கடிகாரமும் அதுக்குக் கூட்டு."

"அப்ப நீ சொல்லேன் என் பேரை."

"நான் சொன்னா ஏத்துக்காது. கண்டவன் வந்து நானும் சொந்தம்னு சொல்லிரக் கூடாதுல்ல. கம்மல் யாருதோ அவங்க வாயால சொல்லணும். சொல்லிட்டு விட்டுறவும் கூடாது, பேர் புழங்கிட்டே இருக்கணும். புழங்காத பேரை அது ஓரமா ஒதுக்கிரும்." அக்காவிடம் திரும்பினார். "சொல்லுக்கா. ஒரே ஒரு தடவை."

சீனியம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "போடா கிறுக்கா. இருக்கிற ஆயுசையும் நானே பிடுங்கவா?"

"அப்ப கம்மலைக் கழட்டி வையி."

"நெஞ்சுக்குன்னு டாக்டர் போடச் சொன்னதுலா? கழட்டினா அங்க புள்ள அழும்." கொஞ்சம் யோசித்தாள். பிறகு கம்மலைத் தொட்டு, ரகசியம் போல, "பால் நிறம் இருக்குல்ல, அந்த நிறத்துச் சாமி" என்றாள்.

"நன்றி. பாலாபிஷேகம் சிறப்பாக நடக்கும் ஊர்களுக்கு இந்த வாரமே வண்டி இருக்கிறது" என்றது கம்மல்.

சிரிப்போடு அது முடிந்திருக்கும். கிளம்பும்போது வாசலில் தவசிமுத்து குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒன்று சொன்னார். அதுதான் முள்ளாகத் தைத்தது. "தப்பா நினைக்காதீங்க அத்தான். பேர் விஷயம் விளையாட்டு. ஆனா நாடிக் கணக்கு விளையாட்டு இல்ல. நீங்க பக்கத்துல இல்லாத நேரத்துல அக்கா நெஞ்சு பூ மாதிரி இருக்கு. நான் பாத்தேன்."

"அப்ப நான்தான் அவளுக்கு வியாதியா மாப்ள?"

தவசிமுத்து செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து வெள்ளைச்சாமி வீட்டில் ரகசியம் பேசுகிறவர் மாதிரி பேசினார். சட்னியில் உப்பே இல்லாத அன்றைக்கும் நன்றாயிருக்கிறது என்றார். சீனியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்தாள். மறுநாள் உப்பை அள்ளிப் போட்டாள். அதையும் நன்றாயிருக்கிறது என்று சாப்பிட்டார். அவள் அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

குறிப்பு அடுத்த யோசனையைச் சொன்னது. கொடைக்கானலில் ஓர் அமைதி இல்லம். மழைக்காலம் முடியும்வரை அங்கே தங்கினால் நெஞ்சு முழுதாகத் தேறிவிடும். பிடித்திருந்தால் அங்கேயே இருந்துவிடலாம். டாக்டர் சரி என்றார். கற்பகவல்லி சந்தோஷப்பட்டாள். தானாக ஓடும் வண்டி வீட்டு வாசலுக்கே வரும்.

"போகட்டா?" என்று சீனியம்மாள் கேட்டாள். கேட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். சண்டைக்கு நிற்கிற நிற்பு அது. "ஏளா, நீ போனா எனக்கு யாரு பொங்கிப் போடுவா" என்று அவர் ஓங்கி ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும்.

அவருக்கு மச்சினன் சொன்ன நாடிக் கணக்கு நினைவுக்கு வந்தது. "உடம்புக்கு நல்லதுன்னா போயிட்டு வா" என்றார், காற்றுக்குக்கூடக் கேட்காத குரலில்.

அவள் கை இடுப்பிலிருந்து நழுவியது.

வண்டி வந்தது. துணைக்குத் தவசிமுத்து ஏறிக்கொண்டார். சீனியம்மாள் சன்னலோரம் உட்கார்ந்து, கதவு மூடும்வரை, "மோர் மிளகாய் டப்பாவை இறுக்கி மூடணும், கேஸை அணைக்கணும்" என்று யாருக்கோ சொல்வது போல் சொல்லிக்கொண்டிருந்தாள். வெள்ளைச்சாமி தலையாட்டினார். வண்டி திரும்பிய பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குள் போனார். உட்கார்ந்தார். எழுந்தார். மிக்ஸியைப் போட்டார், உள்ளே ஒன்றுமில்லாமல் அது ஓடியது. அணைத்தார். "பூங்காவில் இப்போது..." என்று தொடங்கிய கடிகாரத்தைத் துண்டுக்குள் சுருட்டினார். அது துண்டுக்குள்ளிருந்து பருத்திப்பால் என்றது. வாசலுக்கும் கொல்லைக்குமாக அவர் நடந்த நடையைச் சேர்த்து வைத்தால் வண்டிக்கு முன்னால் கொடைக்கானலுக்கே போய்ச் சேர்ந்திருப்பார்.

அப்போதுதான் அது நடந்தது. துண்டுக்குள் சத்தம் நின்றது. எதிர்வீட்டு டிவி எதையோ வாங்கச் சொல்லிக்கொண்டிருந்தது பாதியில் நின்றது. தெருவே நின்றது. தெருநாய் ஒன்று, தான் மட்டும் குரைத்துக்கொண்டிருப்பதை உணர்ந்து வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டது. அந்த நிசப்தத்தில் வெள்ளைச்சாமி துண்டைப் பிரித்தார். கடிகாரம் முன்பின் இல்லாத மரியாதையோடு கேட்டது:

"வெள்ளைச்சாமி என்பவர் நீங்கள்தானா? உங்களைத் தேடுகிறார்கள்."

"ஆமா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கழுகுமலையில் மயில்கள் எழுந்து பறந்ததாக அவரே சொல்கிறார்.

சாத்தூர் தாண்டிப் போயிருந்த வண்டி திரும்பி வந்து வாசலில் நின்றது. சீனியம்மாள் இறங்கினாள், வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள். "டப்பாவை மூடுங்கன்னு சொல்லிட்டுத்தான போனேன்? நான் அங்கிட்டுப் போகவும் திறந்து போட்டாச்சு!"

"நான் எங்கடி திறந்தேன், நீ மூடினாத்தானே!"

மூன்றாவது வீட்டுக்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டார்கள். கம்மலோ கடிகாரமோ வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் மெதுவாகக் கேட்டார்: "வண்டியில என் பேரைச் சொன்னியாமே?"

"நான் எதுக்குச் சொல்றேன்? நல்லா இருக்கே கதை." சொல்லிவிட்டு உள்ளே போனவள், ஒரு நெல்லிக்காயைத் தேனில் புரட்டிக் கொண்டுவந்து அவர் வாயில் திணித்தாள். அன்றிலிருந்து தினமும் திணிக்கிறாள். ஆயுசுக்கு நல்லதாம்.

அந்த நிசப்தத்துக்கு டவர் கோளாறு என்று ஊரில் சொல்லிக்கொண்டார்கள். வெள்ளைச்சாமியின் விளக்கம் வேறு. பேரில்லாத சத்தத்தைப் பிரித்து வை என்று இந்த வீட்டில் கற்ற பாடத்தைத்தான் குறிப்பு சுற்றுவட்டாரத்தில் இருந்த அத்தனை வீட்டிலும் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. புருஷன் பேர் சொல்லாத பெண்டாட்டிகள் இந்தப் பக்கம் கொஞ்சமா? இரைச்சல் என்று ஒதுக்கியதைத் தேடி ஒரு நெஞ்சு துடிக்கிறது என்று தெரிந்ததும் அது திகைத்துப்போய், எல்லா வேலையையும் போட்டுவிட்டு, ஒவ்வொரு பெண்ணின் காதிலும் ரகசியமாக ஒரே கேள்வியைக் கேட்டது என்பார்: உங்கள் வீட்டில் கேட்கும் அந்தக் குரல் யார்? மறுநாள் பூங்காவில் ஊஞ்சல் காலியாக ஆடியதே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"தாசில்தாருக்குச் சளி பிடிச்சிருக்கும்" என்பார் தவசிமுத்து. "கேள்வி கேட்டுச்சுன்னு எந்தப் பொம்பளையாவது வெளிய சொன்னாளா?"

யாரும் சொல்லவில்லை. அதுதான் வெள்ளைச்சாமியின் வாயை அடைக்கிற இடம்.

போன வாரம் ஒரு சாயங்காலம், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த டீக்கடையில், அருப்புக்கோட்டைக்குப் போகிற ஒரு பயணியைப் பிடித்து வைத்து வெள்ளைச்சாமி இந்தக் கதையைச் சொல்லி முடித்தார். பயணி பஸ் ஏறிப் போனார். பின்னால் பெஞ்சில் தவசிமுத்து உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. வழக்கமாகக் கதையின் நடுவிலேயே குறுக்கே விழுகிறவர், டீயைக்கூடத் தொடவில்லை.

"என்ன மாப்ள, இன்னைக்குச் சாத்தியமில்லைன்னு சொல்லலையா?"

"அக்கா சொன்னா அத்தான்."

"என்னது?"

"வண்டியில. நான் கேட்டேன். கண்ணைத்தான் மூடியிருந்தேன்." தவசிமுத்து கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "சாத்தூர் தாண்டவும் அக்காவுக்கு நாடி ஏறிருச்சு. கம்மல் பாட்டுப் போட்டுச்சு. சன்னலை இறக்குச்சு. தண்ணி குடிக்கச் சொல்லுச்சு. ஒண்ணுக்கும் இறங்கலை. 'சுற்றிலும் எந்த இரைச்சலும் இல்லையே, உங்களுக்கு என்னதான் வேண்டும்'னு கேட்டுச்சு. அக்கா ரொம்ப நேரம் வெளியவே பாத்துட்டு இருந்தா. அப்புறம் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு, 'எனக்கு வெள்ளைச்சாமி வேணும்'னா."

ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்த வெள்ளைச்சாமியும் அந்த வாக்கியத்தை அன்றைக்குத்தான் கேட்கிறார்.

"இதை எதுக்குடா இவ்வளவு நாளா மறைச்சே?"

"சொன்னா அடுத்தது கேப்பீங்க. உங்க வீட்டுல அந்தக் கேள்வி வந்துச்சான்னு."

"உங்க வீட்டுக்கு எதுக்கு வரணும்? பிரேமா உன்னைப் பேர் சொல்லித்தானே கூப்பிடும். மணவறையிலேயே, 'முத்து, மாலை கோணலா இருக்கு'ன்னு சொன்ன பிள்ளையாச்சே."

"பேர் சொல்லித்தான் கூப்பிடுவா. கூப்பிடணும்லா அத்தான்." அவர் பஸ்களைப் பார்த்துக்கொண்டே பேசினார். "எங்க வீட்டுல சத்தமே கிடையாது. ஆளுக்கொரு ரூம், ஆளுக்கொரு சாப்பாட்டு நேரம், எல்லாம் குறிப்பு சொல்றபடி. சண்டையே போடாத வீடுன்னு நான் எல்லாரிட்டயும் பெருமையா சொல்லுவேன். அன்னைக்கு அவ காதுலயும் கேட்டுச்சாம், எப்பவாவது கேட்கும் அந்தக் குரல் யார்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னா."

"பிரேமா என்ன பதில் சொல்லுச்சு?"

"'தெரிஞ்சவர்தான்'னு சொன்னாளாம்."

வெள்ளைச்சாமி பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்து, ஆறிப்போன தம்ளரை எடுத்து வைத்துவிட்டு, வேறு ஒரு டீக்குக் கைகாட்டினார். மதுரை வண்டி ஹார்ன் அடித்துக்கொண்டு வெளியே போயிற்று.

"இனிமே யார்கிட்டச் சொன்னாலும், தூங்காத சாட்சி ஒண்ணு இருக்குன்னு சேத்துச் சொல்லுங்க" என்றார் தவசிமுத்து. "நடந்துச்சு அத்தான். எல்லாம் நடந்துச்சு."